நெல் பதிந்த பிள்ளையார்

அத்தியாயம் – 17

போன வாரம் பாண்டியனுக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. 'அவனை இன்னும் வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுகிறாளே, அவளுக்குச் சூடு சொரணை இல்லையா?' என்று ஒரு வாசகி போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கும் அவன்மேல் கோபம்தான் அம்மா. ஆனால் பூர்ணிமாவின் இடத்தில் நின்று பாருங்கள்.

மலேசியாவில் வேலை பார்த்த புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். விசா சிக்கல் என்றான். நம்பினாள். அதற்கப்புறம் அவன் கார் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. அதையும் ஏதோ சலிப்பு என்று விட்டுவிட்டு, தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் உண்மை வெளியே வந்தது. ஈப்போ பக்கம் ஒரு மழைநாளில் கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு போனவன், மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ ஒரு பையனை இடித்திருக்கிறான். நிற்காமல் வந்திருக்கிறான். வந்த வேகத்தில் விமானம் ஏறியிருக்கிறான்.

"எறங்கவே இல்ல பூர்ணிமா. பயத்துல வண்டிய எடுத்துட்டேன். உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா தூக்கிக்கிட்டு ஓடியிருக்க மாட்டனா? நம்ம புள்ள மேல சத்தியமா எறங்கிப் பாக்கல!"

அந்தப் பிள்ளை சிவசங்கரி அப்போது பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாள் மூடியிருந்த வாயை அவன் திறந்ததற்குக் காரணம் ஒரு விருந்தாளி. மலேசியாவில் கிள்ளானில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் மோகனப்பிரியா. போன வருஷத் தீபாவளிக்குப் பூர்ணிமாவிடம் ஆன்லைனில் செராமிக் விளக்கு வாங்கி, அப்படியே பேசிப் பழகி அக்கா தங்கை போல ஆகிவிட்டவள். தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்க வருகிறேன், திருச்சியில் விமானம் ஏறுமுன் உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

"வூட்டுக்குக் கூட்டியாராத. நான் அங்க இருந்தேன்னு மூச்சு வுடாத. நாலு எடத்தச் சுத்திக் காட்டி ரயிலேத்தி வுட்டுடு" என்றான் பாண்டியன்.

பூர்ணிமாவும் சரி என்றாள். கிள்ளான் எங்கே, ஈப்போ எங்கே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இருக்கிற குடும்பம் இருந்தபடி இருக்கட்டும் என்கிற ஆசைதான், வேறு என்ன?

*

வேப்பூர் கூட்டுரோட்டில் மோகனா பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. பூர்ணிமா குடையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா! வாங்க வாங்க. நனைஞ்சிட்டீங்களே!"

"எங்க ஊருல இல்லாத மழையா லா?" என்று சிரித்தபடி மோகனா அவளைக் கட்டிக்கொண்டாள்.

போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் வயதாகத் தெரிந்தாள். காதோரம் நரை. தோளில் மாட்டியிருந்த துணிப்பையை மட்டும் நனையாமல் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"டீ குடிக்கலாமாக்கா? இங்க நல்லா இருக்கும்."

"வேணாம், பசியாறிட்டேன். உங்க காடி எங்க?"

காரில் ஏறி உட்கார்ந்ததும் மோகனாவின் கண் போன இடம் டேஷ்போர்டு. அங்கே கட்டைவிரல் உயரத்தில் வெள்ளைச் செராமிக் பிள்ளையார் ஒன்று உட்கார்ந்திருந்தது. கையை நீட்டி அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"வராதுக்கா. டபுள் டேப்பு போட்டு ஒட்டியிருக்குது. பள்ளம் மேடுன்னு எப்படிக் குலுங்குனாலும் வுழாது. கையால பேத்து எடுத்தாத்தான் உண்டு."

"ஓ... பேத்து எடுத்தாத்தான் வருமா?"

"ஆமா. உங்களுக்குன்னே ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று பூர்ணிமா டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சாமான் அறையைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள். அவளுக்கு ஒரே பெருமை.

மோகனா பெட்டியைப் பிரித்தாள். பிள்ளையாரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. எடுத்த எடுப்பில் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு நெல்மணி அளவுக்குக் குழி. விரல் நகத்தை அதில் வைத்துத் தடவினாள்.

"எல்லாத்துலயும் இத போடுவீங்களா பூர்ணிமா?"

"எல்லாத்துலயும்! அச்சுலேந்து எடுத்த ஈரத்தோட ஒரு நெல்ல வச்சு அழுத்திடுவேன். சூளையில நெல்லு எரிஞ்சு போயிரும், குழி நிக்கும். கம்மாபுரத்துல எங்கப்பாவோட நெலம் சுரங்கத்துக்குப் போயிடுச்சுக்கா. கடைசி அறுப்புல ஒரு மரக்கா நெல்லு எடுத்து வச்சிருந்தாரு. அந்த நெல்லுதான்."

"வேற யாரும் இப்படிப் போட மாட்டாங்களா?"

"செராமிக் எஸ்டேட்டுல எத்தன பட்டறை இருக்குது! ஒருத்தரும் போட மாட்டாங்க. இது என் கையி."

அடி பாவி மகளே, இப்படியா வாயைக் கொடுப்பாய் என்று இங்கே உட்கார்ந்து எழுதும் எனக்கே அவள் வாயைப் பொத்தத் தோன்றுகிறது. அவளுக்கு என்ன தெரியும்? நல்ல வியாபாரி நல்ல வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே வண்டியை விருத்தாசலம் ரோட்டில் திருப்பினாள்.

வழியெல்லாம் பூர்ணிமாதான் பேசினாள். மௌனம் வந்தால் பயமாக இருந்தது, அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டினாள். கரும்பு ஏற்றிய டிராக்டர், தண்ணீர் நிற்கிற மணிலாக் கடலைக் கொல்லை, மழையில் படுதா போர்த்திய லாரிகள். மணவாளநல்லூர் வளைவைக் காட்டியபோது அவள் குரலே மாறியது.

"இங்கதான்க்கா கொளஞ்சியப்பர் கோயிலு. கோர்ட்டு மாதிரி. யாராச்சும் நமக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னா பேப்பர்ல பிராது எழுதி, முனியப்பர் சன்னதியில வேலுல கட்டிடுவாங்க. அவரு பாத்துக்குவாரு. நடந்து முடிஞ்சதும் கட்டுனவங்களே வந்து ராஜினாமா பண்ணி, பிராத வாபஸ் வாங்கிக்கணும்."

"போலீஸ்ல மூடின கேஸ்கூட எடுப்பாரா?"

பூர்ணிமா சிரித்தாள். "அவருக்கு எது மூடுன கேஸு, எது தொறந்த கேஸு!"

"அப்போ திரும்பி வரும்போது அங்க போகலாம்" என்றாள் மோகனா.

*

பழமலைநாதர் கோயிலில் மழைக்குக் கூட்டமே இல்லை. பிரகாரத்தில் ஈரக் காலடிச் சத்தம்கூடக் கிடையாது. ஆழத்துப் பிள்ளையார் சன்னதிக்குப் படி இறங்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறார். பூர்ணிமா முதலில் இறங்கி, "மெதுவாக்கா, வழுக்கும்" என்றாள்.

மோகனா மேல்படியிலேயே நின்றாள்.

"இவரு ஏன் இப்படிப் பள்ளத்துல கெடக்காரு?"

'இருக்காரு' என்று சொல்லாமல் 'கெடக்காரு' என்றது பூர்ணிமாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்த ஊர்ப் பேச்சு அப்படியோ என்னவோ என்று விட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது மோகனா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை. மண்டபத்துக்குள் மழை ஏது?

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்காமலே விட்டாள்.

"அடுத்து உங்க பட்டறையப் பாக்கலாம்" என்றாள் மோகனா, காரில் ஏறியதும்.

"அய்யோ, எஸ்டேட்டு ரோட்டுல முழங்கால் தண்ணிக்கா! வண்டி நின்னுடும். மணிமுத்தாறு பாப்போம். இன்னிக்குத்தான் நெறைய ஓடுது."

எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் இருந்தது உண்மைதான். முழங்கால் வரைக்கும் என்பது பொய்.

பாலத்தோரம் வண்டியை நிறுத்தினார்கள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. வேரோடு பிடுங்கிய ஒரு முருங்கை மரம் உருண்டு உருண்டு வந்து பாலத்துத் தூணில் மோதி நின்றது.

"இந்த ஆத்துல சாம்பல் கரைப்பாங்களாமே, கேள்விப்பட்டேன்."

"ஆமாக்கா. காசிக்குப் போக முடியாதவங்க இங்க வருவாங்க."

"எங்க தம்பியோடத நாங்க கடல்லதான் கரைச்சோம். அன்னிக்கும் இப்படித்தான் மழை."

பூர்ணிமாவின் கை கியரில் இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தம்பி இருந்தாரா? இத்தன நாளா சொல்லவே இல்லியேக்கா?"

"நீங்க கேக்கலயே" என்றாள் மோகனா. கண்ணாடிக்கு வெளியே அந்த முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேரன்னு பேரு."

எப்படிச் செத்தார் என்று கேட்பதுதானே முறை? யாராக இருந்தாலும் கேட்பார்கள். பூர்ணிமா கேட்கவில்லை. இஞ்சினைக் கிளப்பினாள்.

*

இங்கே வீட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பூர்ணிமாவின் மாமனார் கோவிந்தசாமிக்கு எதுவும் தெரியாது. மகன் மலேசியாவில் கைநிறையச் சம்பாதித்தான், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வந்துவிட்டான், அவ்வளவுதான் அவர் அறிந்தது. வெளிநாட்டுப் பெண் வருகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. காலையிலேயே நல்லூருக்குப் போய் நாட்டுக்கோழி வாங்கி வந்து, மழை என்று ஸ்கூல் லீவு விட்டதால் வீட்டில் இருந்த பேத்தியை வெங்காயம் உரிக்க உட்கார வைத்து, தானே மசாலா அரைத்துக் குழம்பு கூட்டிவிட்டார்.

"யப்பா, அவங்க வரமாட்டாங்க. ரயிலுக்கு நேரமாயிடும்" என்றான் பாண்டியன். வீட்டை ஒட்டிய பட்டறையில் கார்த்திகை அகல்களைச் சூளைக்கு அடுக்கிக்கொண்டிருந்தவன், மசாலா வாசனைக்கு எழுந்து வந்திருந்தான். அவன் முகம் களிமண் பூசியது போல வெளுத்திருந்தது.

"ஏன்டா வரமாட்டாங்க? கடல் தாண்டி வந்த புள்ள, நம்ம தெருமுனை வரைக்கும் வந்துட்டு வாசப்படி மிதிக்காமப் போறதா? ஊரு காறித் துப்பாது?"

"சொன்னாக் கேளுங்கப்பா."

"நீ மலேசியாவுல அவங்க சனங்க வூட்டுல எத்தன வேளை தின்னுருப்ப? நன்றி வேணாம்? நீ போயி அகல அடுக்கு போ. நான் பேசிக்கிறேன்."

பாண்டியன் பட்டறைக்குத் திரும்பினான். அப்பாவுக்குப் போனில் நம்பர் போடத் தெரியாது என்ற தைரியம். பேத்திக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டான்.

*

காரின் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. பாண்டியன்தான் என்று நினைத்த பூர்ணிமா, துண்டிப்பதற்காகக் கையை நீட்டினாள். பதற்றத்தில் விரல் பச்சையில் பட்டுத் தொலைத்தது.

"யம்மா பூர்ணிமா! எங்க இருக்கீங்க? கோழிக் கொழம்பு கொதிக்குது. அந்தப் புள்ளையக் கூட்டியா!"

"மாமா, ரோட்டுல இருக்கேன், அப்பறம்..."

"வணக்கம்ப்பா" என்றாள் மோகனா.

"ஆங்! நீதானாம்மா? வணக்கம்மா, வணக்கம்! சாப்புடாமப் போவக் கூடாது, சொல்லிட்டேன். எங்க பாண்டியன்கூட உங்க மலேசியாவுல இருந்தவன்தாம்மா. ஈப்போ! ஈப்போவுல கக்கூஸு பீங்கான் செய்யிற கம்பெனி. சூளை பாத்துக்கிட்டு வேனும் ஓட்டுனான். அங்கேந்து வந்ததுலேந்து என்ன எழவோ, ஸ்டீரிங்கையே தொடறதில்ல. மழை வந்தா போதும், பட்டறைக்குள்ள பூந்துக்குவான். நீயாச்சும் வந்து அவனுக்கு நாலு வார்த்த..."

பூர்ணிமா எதை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பேச்சு நின்றது. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மோகனா மடியில் இருந்த துணிப்பையின் வாரை விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"ஈப்போவுலயா இருந்தாரு?"

"கொஞ்ச... கொஞ்ச நாள்தான்க்கா."

"ம்."

அவ்வளவுதான். கத்தியிருந்தாலும் பூர்ணிமாவுக்குத் தேவலை போல இருந்திருக்கும். ரயில்வே கேட் போட்டிருந்தது. காத்திருந்த நேரமெல்லாம் இருவரும் முன்னால் நின்ற மினி பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட் திறந்ததும் பூர்ணிமா ஸ்டேஷன் பக்கம் இண்டிகேட்டர் போட்டாள்.

"ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு பூர்ணிமா" என்றாள் மோகனா மெதுவாக. "அந்தக் கோயிலுக்குப் போகலாம்."

*

மணவாளநல்லூரில் பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள், அவ்வளவு இருட்டு. பூமாலைக் கடைக்காரர்கள் பாலிதீன் ஷீட்டுகளை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே ஒடுங்கியிருந்தார்கள். முனியப்பர் சன்னதியில் வேல்களில் பிராதுக் காகிதங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. நூல் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். எத்தனை பேருடைய வயிற்றெரிச்சல்!

மண்டபத்து ஓரத்தில் ஈரம் படாத இடமாகப் பார்த்து மோகனா உட்கார்ந்தாள். துணிப்பையைத் திறந்தாள். மஞ்சள் துணியில் முடிந்திருந்த எதையோ எடுத்து, முடிச்சை அவிழ்த்து, பூர்ணிமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

வெள்ளைச் செராமிக் பிள்ளையார். துதிக்கை உடைந்திருந்தது. அடியில் டேப்பின் பசை கறுத்து ஒட்டியிருந்தது. பசைக்கு நடுவில் ஒரு நெல்மணிக் குழி.

"எங்க தம்பி வேலைக்குப் போனது ஈப்போவுல. ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு மோட்டார்ல வந்தான். யாரோ இடிச்சிட்டாங்க. மழைக்கு அந்த ரோட்டுல யாரும் வரல. விடியற வரைக்கும் கெடந்திருக்கான் பூர்ணிமா. உசுரு உடனே போகலன்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பான்னாரு."

பூர்ணிமா அந்தக் குழியை நகத்தால் தடவினாள்.

"இது எங்க இருந்துச்சு தெரியுமா? அவன் கைக்குள்ள. விரல் ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் எடுத்தாங்க. எங்க வீட்டுல இந்த மாதிரி சாமி கெடையாது. அவனுது இல்ல. போலீஸ்ல இதுல ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க, கேஸ மூடிட்டாங்க. நான் விடல. இந்த மாதிரி எங்க செய்யுறாங்கன்னு தேடினேன். விருத்தாசலம்னு தெரிஞ்சுது. யார் யார்கிட்டயோ வாங்கிப் பாத்தேன். கடைசியா உங்க விளக்கு வந்துச்சு. அடியில திருப்பிப் பாத்தேன்."

"அப்போ என்கிட்ட பழகுனது..."

"முதல்ல அதுக்குத்தான்." மோகனாவின் குரல் உடைந்தது. "அப்புறம் நெசமாவே பழகிட்டேன். அதான் எனக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு."

பூர்ணிமா அந்தப் பொம்மையையே பார்த்தாள். மலேசியா கிளம்பிய பாண்டியனுக்கு அவளே கொடுத்தனுப்பியது. அவள் மனசு வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. டேப் போட்டு ஒட்டிய பிள்ளையார் எப்படிக் குலுங்கினாலும் விழாது. காலையில் அவளே சொன்னாள். கையால் பெயர்த்து எடுத்தால்தான் உண்டு. யாரோ பெயர்த்திருக்கிறார்கள். யாரோ வேனை விட்டு இறங்கி, மழையில் நடந்து, கிடந்தவன் பக்கத்தில் குனிந்து, அவன் கையை எடுத்து அதில் வைத்திருக்கிறார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று அதன் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டு, திரும்பி நடந்து, வண்டியை எடுத்திருக்கிறார்கள்.

செத்தவன் விரலை மடக்கிப் பிடிக்க மாட்டான். உயிர் இருந்தது. அது பாண்டியனுக்குத் தெரியும்.

நம்ம புள்ள மேல சத்தியமா எறங்கிப் பாக்கல!

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. போன ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரியின் மேல் ஆணையாகத் தன் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்த அந்தக் கையை நினைத்தாள். அதே கை.

"பிராது கட்டணுமாம்மா?" என்று கேட்டபடி வந்தார் கோயிலில் பிராதுக்குச் சீட்டு கொடுக்கும் கலியமூர்த்தி. தலையில் துண்டைப் போட்டிருந்தார். "எந்த ஊரு?"

"மலேசியாங்க" என்றாள் மோகனா.

"ஆத்தாடி! எங்க சீட்டுக் காசு ஊருத் தூரத்தப் பொறுத்து, கிலோமீட்டர் கணக்குமா. நடுவுல கடலு வந்தா எப்படிப் போடுறது?" என்று சிரித்தார். "சரி, எதிராளி எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றாள் மோகனா.

கலியமூர்த்தியின் சிரிப்பு நின்றது. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"மழைன்னு எழுதிக் குடுக்குற ஆளு வரல. நீங்களே எழுதிடுங்க. நடந்தத நடந்தபடி எழுதணும், கூடக்கொறைய எழுதக் கூடாது. பேரு தெரிஞ்சா போடுங்க. தெரியலன்னாலும் பரவால்ல, முனியப்பருக்குத் தெரியும்."

மோகனா தாளை வாங்கவில்லை. "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும்ங்க. மலாய் ஸ்கூல்ல படிச்சேன். எழுதவும் வராது, படிக்கவும் வராது" என்றாள். பிறகு பூர்ணிமாவைப் பார்த்தாள். "நீங்க எழுதுறீங்களா?"

பூர்ணிமா பேனாவை வாங்கினாள். முதல் வரி கோணலாகப் போயிற்று. சேரன் என்று எழுதினாள். மழை என்று எழுதினாள். விடியும் வரை கிடந்தான் என்று எழுதும்போது எழுத்தின் மேல் சொட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

கடைசியில் பேர் எழுத வேண்டிய இடம் வந்தது.

"பேரு உங்களுக்குத் தெரிஞ்சா போடுங்க" என்றாள் மோகனா. மழையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தெரியலன்னா விட்டுடுங்க. நீங்க என்ன எழுதினீங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல."

விட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? காகிதத்தை மடித்து நூல் சுற்றிவிட்டால் யார் பிரிக்கப் போகிறார்கள்? ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் கோழிக் குழம்பு இருக்கிறது. மகள் இருக்கிறாள். கார்த்திகைக்கு அகல் போக வேண்டும். பூர்ணிமா இதையெல்லாம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் நம்மைப் போல மனுஷிதான்.

பிறகு எழுதினாள். கோவிந்தசாமி மகன் பாண்டியன், செராமிக் எஸ்டேட், விருத்தாசலம்.

கொளஞ்சியப்பர் முன்னால் வைத்து, விபூதி தூவி, மடித்து நூல் சுற்றிக் கொடுத்தார்கள். வேலில் கட்டியது மோகனா. கட்டி முடித்ததும் இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே இத எடுக்கணும்னா கட்டுனவங்கதான் வந்து ராஜினாமா பண்ணணும்" என்றார் கலியமூர்த்தி. "வேற யாரு வந்து அழுதாலும் நடக்காது."

காருக்குத் திரும்பினார்கள். இருவரும் நனைந்திருந்தார்கள். உடைந்த பிள்ளையார் இன்னும் பூர்ணிமாவின் கையிலேயே இருந்தது. அதை டேஷ்போர்டில் மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில்தான் வந்தது. இந்தத் தடவை அவள் துண்டிக்கப் பார்க்கவில்லை.

"அப்பா என்னென்னமோ உளறிட்டாராமே" என்றான் பாண்டியன், மூச்சு வாங்க. "ஒண்ணும் கேக்கலியே அந்தப் பொம்பள? கெளம்பிட்டாளா?"

"இல்ல. வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரேன்."

"என்னா?"

"மாமாகிட்ட எல போடச் சொல்லுங்க. நீங்க எங்கயும் போவாதீங்க. வாசல்ல நில்லுங்க. அக்கா உங்க கையப் பாக்கணும்னு வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எதையோ கீழே போட்ட சத்தம். அகல் அடுக்கு சரிந்திருக்க வேண்டும், சடசடவென்று நொறுங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது.

"டே பாண்டியா!" என்று தூரத்தில் கோவிந்தசாமியின் குரல். "நில்லுடா! இந்த மழையில எங்கடா போற? நில்லுடா..."

அதற்கும் அப்பால் சிவசங்கரியின் குரல், "அப்பா!" என்று.

வண்டி நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து ரோட்டில் போய்க் கரைந்தது.

மோகனா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தம்பி கேட்ட கடைசிச் சத்தமும் அதுபோல ஒன்றுதான்.

"பெல்ட்டப் போட்டுக்குங்கக்கா" என்றாள் பூர்ணிமா. வண்டியை எடுத்தாள்.